அட்டெண்டர் மட்டும் உள்ளே வரலாம்

எனக்கு மார்பில் புற்றுநோய் என்ற விஷயம் கள்ளிக்குப்பத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இஸ்திரிக்காரருக்குத் தெரியும். இட்லி மாவு விற்கும் அம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு கரண்டி மாவு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன், நான் ஸ்கூட்டரில் நின்று ஹாரன் அடித்தாலும் நாற்காலியை விட்டு அசையாதவர், ஓடி வந்து கேட்டைத் திறந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கென்ன தெரியும், தீபாவளி இனாமுக்காக இப்போதே பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் காபியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் காபி எனக்கு வந்து சேர்ந்ததே அபூர்வம். "சின்னதா ஒரு கட்டி. எடுத்துட்டா போச்சு" என்றார். காபியில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டிருந்தார். நான் அதைக் குடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுத வந்தவள். அதே கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்த இந்த ஊர்க்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஒரே ஒரு அக்கா உண்டு, எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி. புருஷனை இழந்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வேறு மாதிரியும் கூப்பிட்டிருக்கிறேன், அவர் காதில் விழாத தூரத்தில் இருக்கும்போது. எங்கிருந்தோ வந்து தம்பியைக் கொத்திக்கொண்டு போனவள் என்பது என் மேல் அவருக்கு இருந்த வழக்கு. கல்யாணமான நாள் முதல் அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாய்தாகூட யாரும் கேட்கவில்லை.

மார்பு என்ற சொல்லை எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "அந்த எடத்துல" என்பார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் "நெஞ்சுல" என்பார்கள். நெஞ்சு என்று காதில் விழுந்த என் பெரியப்பா ஒருவர் அதை மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளைக்குத் திண்டுக்கல்லிலிருந்து எனக்குப் பூண்டாக வந்து குவிந்தது. மாடி ஏறாதே, எண்ணெய் சேர்க்காதே என்று போனில் புத்திமதி. எனக்கு நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது பெரியப்பா, அதன் மேலே இருப்பதில்தான் கோளாறு என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவே கூச்சப்பட்டார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோர் கையிலும் ஆப்பிளும் ஹார்லிக்சும். வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சட்டென்று கீழே ஒரு பார்வை, பிறகு அவசரமாக மின்விசிறியைப் பார்ப்பார்கள். எடுத்தது வலதா இடதா என்று கண்டுபிடிக்காமல் போக மனசு வராது. உட்கார்ந்ததும் ஆறுதல். "எங்க ஓரகத்திக்கும் இதேதாங்க. உங்கள மாதிரியே தைரியமாத்தான் இருந்தா. பாவம், பொங்கல் பாக்கல." இப்படி ஆறுதல் கேட்டுக் கேட்டு எனக்குக் காய்ச்சலே வந்தது. ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார். ஒருவர் கோமியம் கொண்டுவந்தார், குளிர்பான பாட்டிலில். அதை அண்ணி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். வெயிலில் வந்த கேஸ் சிலிண்டர் போடுகிறவர் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது நல்ல வேளையாக நான் முழித்திருந்தேன்.

இதே வருஷத்தில் இதே வியாதி என் தங்கைக்கும் வந்தது. சித்தப்பா மகள். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் வேலை, தனியாகத்தான் இருக்கிறாள். எங்கள் வம்சத்தில் நிலம், நகை என்று எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. இது மட்டும் பங்கு பிரிக்காமல் இருவருக்கும் வந்து சேர்ந்தது.

வீடியோவில் நாங்கள் இருவரும் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பேசுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அவளுக்கு டாக்டர் நேராகச் சொல்லியிருக்கிறார். ஒரு அறை, ஒரு மேஜை, எதிரில் டாக்டர். "உள்ள போனதும் டிஷ்யூ பெட்டிய என் பக்கமா நகத்தி வெச்சாரு அக்கா. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு." பிறகு எல்லாவற்றையும் சொன்னாராம். எவ்வளவு பெரிசு, எங்கே போயிருக்கிறது, குணமாக எவ்வளவு வாய்ப்பு, ஆகாமல் போக எவ்வளவு வாய்ப்பு. கேள்வி இருக்கிறதா என்று கேட்டாராம். இவள் இல்லை என்று சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டம்மா கதவிடுக்கில் ஒரு அட்டை போட்டிருந்தாராம், ஏதாவது வேண்டுமென்றால் பெல் அடிக்கவும் என்று. அந்தம்மா ஒரு நாளும் இவள் பெல்லை அடிக்கவில்லை.

"உனக்கு இங்க இருந்து எங்க அண்ணிய பார்சல்ல அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"அனுப்புக்கா, நெசமா அனுப்பு" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்கு விக் கொடுத்தார்கள். மனசுக்கு ஒரு டாக்டர் கொடுத்தார்கள், அவரிடம் அழுவதற்கு நேரம் ஒதுக்கி வாங்க வேண்டும். கையில் இரண்டு குச்சி வைத்துக்கொண்டு காட்டில் நடக்கிற நோயாளிகள் கூட்டம் ஒன்று இருந்தது, அதில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு விக்குக்குப் பதில் அண்ணி பழைய துண்டு ஒன்றைக் கட்டிவிட்டார். நடப்பதற்குக் கள்ளிக்குப்பத்தில் தோண்டாத தெரு கிடையாது. அழுவதற்குத் தனியாக ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. பாத்ரூமுக்குள் கொஞ்சம் நேரமானால் அண்ணி வெளியே நின்று கதவைத் தட்டுவார்.

"இன்னாமே, உளுந்துட்டியா? சத்தமே காணோம்?"

"உக்காந்திருக்கேன் அண்ணி."

"அப்ப பேசிகினே உக்காரு. எனுக்கு எப்டி தெரியும்?"

பேசிக்கொண்டே உட்கார்ந்தேன். வேறு வழியில்லை.

கீமோ போடுகிற நாளில் ஒரு தடவை, படிக்கிற பெண் ஒருத்தி கையில் தொடுதிரை டேப்லெட்டோடு வந்தாள். வெவ்வேறு நாட்டு நோயாளிகள் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறார்களாம். கேள்விகளை எங்கோ வெளிநாட்டில் எழுதி, யாரோ தமிழில் மாற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சிறிதும் இல்லை, கொஞ்சம், அதிகம், மிக அதிகம் என்று பதில் சொல்ல வேண்டும். சென்ற வாரத்தில் நீங்கள் தனிமையாக உணர்ந்தீர்களா என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"தனிமையா? தோ, நான் ஒருத்தி குந்திகினு கீறேனே, உன் கண்ணுக்குத் தெரியலியா?"

அந்தப் பெண் 'சிறிதும் இல்லை'யைத் தொட்டாள். குடும்பத்தில் முடிவெடுப்பதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதா? "எல்லாம் இவ ராஜ்ஜியந்தான்" என்றார் அண்ணி. 'மிக அதிகம்'. அடுத்த கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் காது சிவந்துவிட்டது. "இது வேணாம் ஆன்ட்டி" என்று தள்ளிவிட்டாள். என்ன கேள்வி என்று எட்டிப் பார்த்தேன். தாம்பத்திய வாழ்க்கை. "கேளும்மா, அதுக்குத்தான் எனக்குச் சொந்தமா ஒரு பதில் இருக்கு" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் கெடியாது, நீ அடுத்தத கேளு" என்று அண்ணி முடித்துவைத்தார்.

அதே மாதிரிக் கேள்விகள் தங்கைக்கும் வந்திருந்தன. அவள் ஒரு காபி வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் எட்டிப் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் அவளே பதில் எழுதிக் கொடுத்தாளாம். தனிமைக்கு மிக அதிகம். ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கள்ளிக்குப்பத்துக்காரி ராணி மாதிரி வாழ்கிறாள் என்றுதான் எழுதுவார்கள். என் பேரில் பதில் சொன்னது என் நாத்தனார் என்று அதில் எங்கும் இருக்காது.

கீமோ முடிந்தது. முடி முளைத்தது, முன்பில்லாத சுருளோடு. ஆபீசுக்கு அரைநாள் போக ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு இடுப்பில் ஒரு வலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். நோயாளியிடம் மட்டும் நோயைச் சொல்லாத வழக்கத்தின் முழு அழகும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு துணைக்கு வருகிறவருக்கு அட்டெண்டர் என்று பெயர். ரத்தம் கொடுப்பதும் வலியைப் பொறுத்துக்கொள்வதும் நோயாளியின் வேலை. விஷயத்தைத் தெரிந்துகொள்வது அட்டெண்டரின் வேலை. "பேஷண்ட் வெளிய உக்காருங்கம்மா. அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க." என் வீட்டுக்காரர் உள்ளே போனார். நான் வெளியே உட்கார்ந்து, பிரசவ வார்டுக்கு வழி காட்டும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வேகத்தில் அவர் வெளியே வந்தார். "எலும்பு கொஞ்சம் வீக்காம். சத்து மாத்திர, மாசம் ஒரு சத்து ஊசி. அவ்ளோதான்" என்றார். மாத்திரை வாங்கப் படி இறங்கிப் போனவர் திரும்பி வர வெகு நேரமாயிற்று.

சத்து ஊசி போட எதற்கு கேன்சர் டாக்டர் என்று கேட்டேன். இருக்கிற டாக்டரிடமே போட்டுக்கொள்வது நல்லதாம். அன்றிலிருந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டுத்தான் எனக்குக் கொடுத்தார். ரிப்போர்ட் எல்லாம் அவர் போனில் இருந்தது. போனுக்குப் புதிதாக ஒரு பூட்டு விழுந்திருந்தது. பெரிய டாக்டரிடம் நானே ஒரு தடவை கேட்டேன். "நான் இருக்கேன்ல, நீங்க ஏம்மா கவலப்படறீங்க? தைரியமா இருங்க" என்று தோளில் தட்டினார். தட்டிய பக்கம் வலித்தது.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் எல்லோரும் நல்லவர்களாக மாறிவிட்டார்கள், அதுதான் எனக்குக் கிலியைக் கிளப்பியது. ஒரு நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். அண்ணி சோற்றில் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டு, "ஷோக்கா கீதுமே" என்றார். அந்த மனுஷி என் சமையலை ஒரு தடவைகூட நல்லது என்று சொன்னதில்லை. நான் எழுந்துபோய்க் கை கழுவினேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அது கெட்டதாகவே இருக்கட்டும். என் தங்கையைப் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் என்னைப் பார்த்துச் சொல்ல, நான் கேட்க வேண்டும். "சண்ட போடுக்கா. அது உன் உடம்பு" என்று அவள் அங்கிருந்து கத்துவாள். யாரோடு சண்டை போடுவது? எதிர்த்துப் பேச இங்கே ஒரு ஆள் மிச்சமில்லையே.

அந்தச் சமயத்தில் அண்ணி திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். இடுப்புவரைக்கும் முடி வைத்திருந்தவர். அந்தக் கொண்டையைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. தலையில் சந்தனத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணி இது?"

"உனுக்குத்தான் வளந்துட்சி இல்ல. அதான் நான் குட்த்துட்டு வந்தேன்."

குணமானதற்கு நேர்த்திக்கடன் என்று சொன்னார். அதை நம்பவும் ஆசையாக இருந்தது. கூடவே விரதம், மண்டல பூஜை என்று ஒரு வேளை சாப்பாடு. அதற்கு நடுவில் ஒரு விஷக்காய்ச்சல் வேறு வந்து, ஆள் பாதியாகிவிட்டார். நான் அதற்கு நேர்மாறாக, மருந்து தந்த ஊதலில் கன்னமெல்லாம் உப்பி, சுருட்டை முடியோடு செழிப்பாக இருந்தேன்.

அந்த மாதம் ஊசி நாளில் கம்பெனிக்கு வெளியிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்று என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணியைத் துணைக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரி சென்னீர்குப்பம் தாண்டி நெடுஞ்சாலை மேலேயே இருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கியதும் அண்ணிக்கு முட்டி பிடித்துக்கொண்டது. வாசலில் ஒரு சக்கர நாற்காலி சும்மா நின்றது. காசு கேட்காத எந்தப் பொருளையும் அண்ணி விட்டுவைத்ததில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளுமே. கொஞ்ச தூரந்தான்."

நான் தள்ளினேன். ஏசி குளிருக்கு அவர் முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டார். போகிற வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். லிஃப்டில் ஒரு அம்மாள் அண்ணியின் கையைப் பிடித்து, "எல்லாம் சரியாயிடும், தைரியமா இருங்க" என்றார். அண்ணி "சரிம்மா" என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் அன்று வெளியூர். அவர் அறையில் சின்ன வயது டாக்டர் ஒருவர் இருந்தார், புதுசு. கதவைப் பாதி திறந்து வெளியே பார்த்தார். சக்கர நாற்காலியில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, முடியில்லாத தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார் அண்ணி. பின்னால் ஃபைலும் கைப்பையுமாக நான்.

"பேஷண்ட் ரெஸ்ட் எடுக்கட்டும். அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்கம்மா."

எனக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"அவங்க என் அண்ணி" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

உட்காரச் சொன்னார். ஃபைலைப் புரட்டினார். கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். ஒரு எலும்புக்கூடு நின்றது. முதுகிலும் இடுப்பிலும் கறுப்புத் திட்டுகள். என்னை அப்படி உள்ளே வரைக்கும் நான் பார்த்ததில்லை. பரவாயில்லை, முதுகு நேராகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

"எலும்புக்குப் பரவியிருக்கும்மா. இனிமே முழுசா குணமாகாது. அது உங்க வீட்ல தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிறகு, என் வீட்டில் யாருமே கேட்டிராத கேள்வியைக் கேட்டேன். "எவ்வளவு நாள் டாக்டர்?"

"அப்படி நாள் கணக்கு சொல்ல முடியாதும்மா. சர்க்கரை வியாதி மாதிரி வெச்சுக்கங்க. போகாது, ஆனா மருந்தால அடக்கி வெக்கலாம். சிலருக்குச் சீக்கிரம் முடிஞ்சிடுது. வருஷக்கணக்கா வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கறவங்களும் இருக்காங்க. உங்க அண்ணிக்கு மருந்து கேக்குது. போன ஸ்கேனுக்கு இது பரவால்ல." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. தெரியக் கூடாதுன்னு அவங்க வீட்டுக்காரர் சொல்லி வெச்சிருக்கார். அவருக்கு இப்ப எப்படி இருக்கு? மொதல் நாள் விஷயத்த ஆரம்பிச்சதுமே எழுந்து போயிட்டாராம். படிக்கட்டுல உக்காந்து அழுதவரை நர்ஸ்தான் தண்ணி குடுத்து அனுப்பினாங்களாம்."

"பேஷண்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் டாக்டர்?"

"மனசு ஒடஞ்சிடுவாங்கம்மா."

நான் என் மனசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வலித்தது. ஆனால் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கால் தரையில் பட்டது அப்போதுதான். "நான்தான் டாக்டர் பேஷண்ட். வெளியே இருக்கிறவங்க எனக்காக மொட்டை போட்டவங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். ஃபைலைப் பார்த்தார், என் முடியைப் பார்த்தார், முகம் வெளிறிப்போயிற்று. எனக்கு வைத்திருந்த தண்ணீரை அவரே குடித்தார். பெரிய டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். அழுதுவிடுவார் போலிருந்தது. "நீங்க ஒரு தப்பும் பண்ணலப்பா. மனசு ஒடையலையே, பாருங்க" என்று சொல்லி, தைரியமாக இருக்கச் சொன்னேன். தோளில் தட்டவில்லை.

திரும்பி வரும் ஆட்டோவில் அண்ணியிடம் நேராகச் சொன்னேன். "எலும்புக்குப் போயிருக்காம் அண்ணி. டாக்டர் சொல்லிட்டாரு."

அவர் முதலில் டாக்டரைத் திட்டினார். அவன் படிப்பு, அவன் குலம், அவனைப் பெற்றவள் என்று ஒருவரையும் விடவில்லை. பூந்தமல்லி சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "எனுக்குத் தெரியும்" என்றார். "என் தம்பி என் மடில பட்த்துகினு அழுதான். நான் இன்னா பண்றது? முருகன் கிட்ட போயி, என் தலைய எட்த்துக்கோ, அவள உட்டுடுன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய ஆட்டோவில் இடமில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சிட்சின்னு அவனாண்ட மட்டும் சொல்லாதமே. உனுக்குத் தெரியாதுன்ற ஒண்ணுலதான் அவன் ரெண்டு வாய் துன்னுகினு கீறான். தீவாளி தாண்டாதுன்றான். அதுவரிக்கும் அவன் நிம்மதியா இருக்கட்டும்."

"தீபாவளின்னு யார் சொன்னது?"

"அவந்தான். டாக்டரு சொன்னாருன்னு சொன்னான்."

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆட்டோ அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டும்போது எனக்குக் கணக்குப் புரிந்தது. எழுந்து போன மனுஷன். குணமாகாது என்ற சொல்லுக்கு மேல் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தார். அண்ணி தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசற்படியை ஒட்டி நின்றார். என்னைப் பார்த்துத் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. உங்க பேஷண்டப் பத்திப் பேசணும்" என்றேன்.

சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எலும்பைப் பற்றித் தெரியும் என்றேன். உடனே அக்காவைப் பார்த்தார். "நான் வாயே தொறக்கலடா. நான் பாட்டுக்கு வண்டில தூங்கிகினு இருந்தேன்" என்றார் அண்ணி.

"தீபாவளிக் கணக்கு யார் குடுத்தது?"

டப்பாவின் மூடியைத் திருகினார். பிறகு, "எங்க கம்பெனில லேத் ஓட்ற டர்னர் கீறார் இல்ல, அவரு மச்சான். எலும்புக்குப் போனப்புறம் அவருக்கு அவ்ளோதான் இருந்துச்சி" என்றார்.

"அந்த மச்சானுக்கு எங்க கேன்சர்?"

"நுரையீரல்."

"நான் என்ன அந்த மச்சானா? அந்தாள் செத்ததுக்கு என்னை ஏன் தீபாவளியில அனுப்பி வைக்கிறீங்க?" என்று கத்தினேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தம். "குணமாகாது. அது உண்மை. ஆனா மருந்து கேக்குது. வருஷக்கணக்கா இருக்கறவங்க இருக்காங்களாம். இல்லாமலும் போகலாம். அப்படித்தான் டாக்டர் சொன்னாரு."

"வருசமா?" என்றார். "வருசம்னா சொன்னாரு? அத்த ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார். "பயமா இருந்துச்சி."

பிறகு அழுதார். வாயைத் திறந்து, குழந்தை மாதிரி, டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டு. எனக்கு அந்த மனுஷனை அறையவும் வேண்டும்போல் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. இத்தனை மாதமாக ஒவ்வொரு நாளும் என்னைக் கொன்று, ஒவ்வொரு நாளும் தனியாக எனக்குக் கருமம் செய்துகொண்டிருந்திருக்கிறார். செத்துப்போவதைப் பற்றி எனக்கு அதற்கு முன்னால் அவ்வளவு பயம் இருந்ததில்லை. அன்றைக்கு வந்தது. இந்த ஆள் தனியாக ஒரு வீட்டில், ஒருவரிடமும் எதையும் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார் என்ற பயம்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாடா, இனிமே நீயே உள்ள போ" என்றாள். போனேன். அதற்கடுத்த மாதத்திலிருந்து டாக்டர் அறைக்குள் நான்தான் போகிறேன். முதல் தடவை அவரையும் இழுத்தேன். கதவுவரைக்கும் வந்தவர் நின்றுவிட்டார்.

"நீயே போய்க் கேட்டுகினு வா. நல்லதா இருந்தா சொல்லு."

"கெட்டதா இருந்தா?"

"அதுல நல்லதா எதனா ஒண்ணு கேட்டுகினு வா."

இரண்டு தீபாவளி போய்விட்டது. சென்ற மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன டாக்டர், இப்போது என்னை நேராகப் பார்த்துப் பேசப் பழகிவிட்டவர், படத்தைத் திருப்பிக் காட்டினார். ஈரலில் புதுசாக ஒரு புள்ளி. மருந்து கேட்பதை நிறுத்திவிட்டது, வேறு மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம், அது எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அவரும் எதையும் ஒளிக்காமல் சொன்னார்.

வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து நின்றார். கையில் என் கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். பார்வை என் முகத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தது.

"மருந்த மாத்தறாங்க" என்றேன். "இதவிட நல்ல மருந்து வந்திருக்காம்."

"நெசமாவா?"

"நெசம்."

கீழே கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வடை அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு சாப்பிட்டார்.